மூழ்கடித்துப் பார்த்து வாங்கிய படகு

அவர் எந்தப் படகையும் மூழ்கடித்துப் பார்க்காமல் வாங்கியதில்லை. இதைச் சொன்னால் இன்றைக்குப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நானும் சிரித்தவன்தான். பிறகு அவரால் குட்டைத் தண்ணீரைக் குடித்தவனும் நான்தான்.

கோலாலம்பூர் ரயில் யார்டில் அவருக்குச் சக்கரம் தட்டுகிற வேலை. ரயில் வந்து நின்றதும் நீளப் பிடி போட்ட சுத்தியலோடு பெட்டி பெட்டியாகக் குனிந்துகொண்டே போவார். ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு தட்டு தட்டிவிட்டுக் காதைக் கொடுப்பார். கணீரென்று கேட்டால் நல்ல சக்கரம். சத்தம் அமுங்கி வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். உடனே பெட்டியைக் கழற்றச் சொல்லிவிடுவார். உள்ளே வெள்ளைக்காரத் துரை உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு ஒன்றுதான், அரிசி மூட்டை இருந்தாலும் ஒன்றுதான். வருஷக்கணக்காக அந்த வேலையைப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கவேண்டும் என்று ஆகிவிட்டது அவருக்கு.

குடை வாங்கப் போனால் கடைக்காரரிடம் ஒரு வாளி தண்ணீர் கேட்பார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "ஊத்துங்கண்ணே" என்று நடுத்தெருவில் நிற்பார். பிரிக்பீல்ட்ஸில் அவரைத் தெரியாத கடைக்காரர் கிடையாது. அவர் தலை தெருமுனையில் தெரிந்தால் சிலர் உள்ளே போய்விடுவார்கள்.

நான் அப்போது செந்தூல் ரயில் பட்டறையில் இயந்திரம் பூட்டுகிற பிட்டர். தச்சன் கோவிந்தனும் நானும் ஒரே அறையில் இருந்தோம். இரண்டு வரிசை தள்ளி, ரயில்வே குவார்ட்டர்ஸில் அவரும் அவர் தங்கை அஞ்சலையும். அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர், அவ்வளவுதான். ஆனாலும் நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். அவர் முகத்துக்கு அப்படித்தான் வாயில் வரும்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்களுக்கு மீன்பிடி. சுங்கை பீசிப் பக்கம் ஈயம் தோண்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன குட்டைகள் நிறைய. மழைத் தண்ணீர் நிரம்பி ஒவ்வொன்றும் ஏரியளவு கிடக்கும். விராலும் கெளுத்தியும் கொழுத்துக் கிடக்கும். ஆனால் பொல்லாத தண்ணீர் அது. ஆற்றைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகிற கதையே இல்லை. கரையிலிருந்து ஓரடி வைத்தால் கணுக்கால், அடுத்த அடியில் ஆளே காணாமல் போவான். கரையில் நின்று தூண்டில் போட்டால் சில்லறை மீன்தான். பெரிய மீன் நடுவில் கிடக்கிறது. ஆகவே எங்களுக்குப் படகு வேண்டும்.

வாங்குவானேன், நாமே செய்வோம் என்று சொன்னது நான்தான். பட்டறைக்காரனுக்குக் கை சும்மா இருக்காதே! கழித்துப் போட்ட சிலிப்பர் கட்டைகள் ஏலத்துக்கு வந்தன. தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற செங்கால் மரம். இருபது வருஷம் மழையிலும் சேற்றிலும் கிடந்தும் கறையான் தொடாத கட்டை. கோவிந்தன் அதை அறுத்துப் பலகை போட்டான். நான் மூலைக்கு மூலை இரும்புப் பட்டை வைத்துப் போல்ட் முடுக்கினேன். நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. முடித்துப் பார்த்தால் படகு என்னவோ கோட்டை மாதிரி நின்றது. அதைக் குட்டைக்குக் கொண்டுபோக எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள்.

"ரயிலையே தாங்குன மரம்ணே. நம்ம மூணு பேரைத் தாங்காதா?" என்றேன் அவரிடம்.

ரயில்வேக்காரனைத் தவிர வேறு எவனுக்கும் இப்படி ஒரு புத்தி வராது.

அவர் தோளில் கொண்டுவந்திருந்த கயிற்றை எடுத்து ஒரு முனையைக் கரையிலிருந்த மரத்தில் கட்டினார். மறுமுனையைத் தம் இடுப்பில் கட்டிக்கொண்டார். படகில் ஏறினார். ஏறும்போது கால் சரியாக நடுப்பலகையில் விழுந்தது. எந்தப் படகிலும் அவர் ஓரத்தில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்து, ஒரு வாளியால் குட்டைத் தண்ணீரை மொண்டு மொண்டு படகுக்குள்ளேயே ஊற்ற ஆரம்பித்தார்.

"என்னண்ணே பண்றீங்க?" என்று கோவிந்தன் அலறினான்.

"மழை வந்தா ரொம்பும். அலையடிச்சா ரொம்பும். ரொம்புனா என்ன ஆகும்னு பாக்கறேன்."

பாதிவரை எங்கள் படகு தாக்குப் பிடித்தது. முக்கால் நிரம்பியதும் முன்பக்கம் ஒருமுறை தலையாட்டியது. அவ்வளவுதான். நான்கு மாத உழைப்பு நான்கு நொடியில் உள்ளே போய்விட்டது. கொஞ்ச நேரம் குமிழி வந்தது. பிறகு அதுவும் நின்றது. இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் மட்டும் கரையேறினார். படகில் கயிறு கட்டியிருக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"எங்க படகு போச்சே!" என்று கத்தினேன். "சும்மா மிதந்துக்கிட்டிருந்ததைக் கெடுத்துட்டீங்களே!"

"தம்பி, இது நடுவுல போய் முழுகியிருந்தா, புடிச்சுக்கக்கூட ஒண்ணு இருந்திருக்காது. கவுந்தா நீந்தவே கூடாது. படகைப் புடிச்சுக்கிட்டுக் கிடக்கணும். அதுக்குப் படகு மிதக்கணுமில்ல?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கும் வந்தது. அவர் வீட்டு வாசல்வரை சண்டை போட்டுக்கொண்டே போனேன். அஞ்சலை அண்ணனுக்குத் துவாலை கொண்டுவந்து கொடுத்தாள். நடந்ததைக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "ரயிலைத் தாங்கும்னு சொன்னீங்களாமே. தண்ணிக்குள்ள தண்டவாளம் போட்டுட்டு விட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தக் கோபம் எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்கு மீன்பிடிப்பது இரண்டாம்பட்சம். அவள்தான் வேண்டும்.

அடுத்த மாதம் மூவரும் கிள்ளானுக்குப் போனோம். ஆற்றோரம் ஒரு சீனத் தச்சர் சம்பான் என்கிற சிறு படகுகளைச் செய்து விற்றார். கரையில் ஆறேழு கவிழ்த்தபடி கிடந்தன. நான் அழகாக வர்ணம் அடித்த ஒன்றைக் காட்டினேன். அண்ணன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. நகத்தால் பலகையைக் கீறிப் பார்த்தார். ஒரு முனையைத் தூக்கிக் கனம் பார்த்தார். மெராந்தி மரம், லேசான மரம். அடிப்பக்கம் உருண்டிருந்ததை ஒதுக்கினார். ஆற்று ஓட்டத்துக்கு அது நல்லது, குட்டையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவனுக்கு அடி தட்டையாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் திரும்பும்போதெல்லாம் ஆடும் என்றார். கடைசியில் கொஞ்சம்கூட வர்ணம் அடிக்காத, பார்க்க மூளியாக இருந்த ஒரு சம்பானைத் தொட்டார். தொட்டுவிட்டு வாளி கேட்டார்.

தச்சருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "கிலா! கிலா!" என்று மலாயில் கூவிக்கொண்டு உளியோடு ஓடிவந்தார். பைத்தியம் என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தை எங்கள் எல்லோருக்கும் தெரியும். இவர் அசரவில்லை. சம்பானை ஆற்றில் இறக்கி, படகுத் துறைத் தூணில் கயிற்றைக் கட்டி, இடுப்பில் கட்டி, உள்ளே உட்கார்ந்து நிரப்பிவிட்டார். சம்பான் விளிம்புவரை இறங்கியது. அங்கேயே நின்றது. அவர் இடுப்புவரை தண்ணீரில், தொட்டியில் குளிக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் நான் பார்த்த முதல் முழுச் சிரிப்பு அதுதான். தச்சரும் உளியைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார். சரக்கு வண்டியில் சீட்டுப் போட்டு, படகை ரயிலிலேயே சுங்கை பீசிக்குக் கொண்டுவந்தோம்.

அந்தப் படகில் அவரோடு உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு என்னவோ செய்கிறது. காலை வெயில், வெள்ளை மணல்மேடு, தண்ணீர் பச்சையாகக் கண்ணாடிபோல் கிடக்கும். துடுப்பைச் சத்தம் வராமல் படகோடு ஒட்டி இழுப்பார். "மீன் மாட்டுனா எந்திரிக்காதே. உக்காந்தே இழு" என்பார். நான் ஒவ்வொரு தடவையும் எழுந்துவிடுவேன். ஒவ்வொரு தடவையும் சட்டையைப் பிடித்து உட்காரவைப்பார். மத்தியானம் அஞ்சலை கட்டிக்கொடுத்த சோறும் கருவாட்டுச் சம்பாலும். நான் அதை ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவதை அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். கேட்கமாட்டார்.

கேட்கவேண்டியவன் நான். ஆனால் எப்படிக் கேட்பது? பெண் கேட்கப் பெரியவர்கள் தட்டு எடுத்துப் போகவேண்டும். எனக்கு இந்த நாட்டில் யாரும் இல்லை. கடைசியில் கோவிந்தன்தான் வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் வைத்த தட்டோடு போனான். திரும்பி வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"விசாரிக்கணுமாம்லா."

"யாரை விசாரிப்பாராம்? ஊருக்கு ஆள் அனுப்பணும்னா கப்பல் ஏறணும்!"

"அதைத்தான் அவரும் சொன்னாரு. 'கப்பலை விட்டு இறங்குன ஒவ்வொருத்தனும் வாய்க்கு வந்த ஊரைச் சொல்றான், வாய்க்கு வந்த குலத்தைச் சொல்றான். நான் யாரைப் போய்க் கேப்பேன்'ங்கறாரு."

அதற்குக் காரணம் இருந்தது. கோவிந்தன்தான் சொன்னான். அவர்களுக்கு ஓர் அக்காள் இருந்தாளாம். பந்திங் பக்கத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை தங்கமான ஆள் என்று எல்லோரும் சொன்னார்கள். அக்காளுக்குக் காய்ச்சல் கண்டு படுத்ததும் தங்கம் வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இவர் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். பத்து நாள்கூட இருக்கவில்லை அவள். "நல்லா இருக்கறப்ப அவனும் நல்லவனாத்தான் இருந்தான்" என்று மட்டும் இவர் சொன்னாராம்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை உன்னை மட்டும் குட்டைக்கு வரச்சொன்னாரு" என்றான் கோவிந்தன்.

புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தேன். பெண் கேட்ட இடத்துக்குப் போகிறோம் அல்லவா! அவர் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார். கயிறு மரத்தடியில் சுருட்டியபடி கிடந்தது. எங்கே போனாலும் படகில் எடுத்துப் போட்டுக்கொள்கிறவர் அவர்.

"அண்ணே, கயிறு?"

"இன்னிக்கு வேணாம். உனக்கு நீச்சல் தெரியுமா தம்பி?"

"தெரியும்" என்றேன். பொய். பெண் கொடுக்கப்போகிறவரிடம் எதைத்தான் தெரியாது என்று சொல்வது?

நடுக்குட்டைக்குப் போனதும் துடுப்பை என்னிடம் கொடுத்தார். தூண்டிலைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் படகின் ஒரு பக்க விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உடம்பு மொத்தத்தையும் அந்தப் பக்கம் சாய்த்தார். வேண்டுமென்றேதான் சாய்த்தார். ஐயோ என்று சொல்லக்கூட நேரமில்லை. வானம் புரண்டது. தண்ணீர் மூக்கு வழியாக மண்டைக்குள் ஏறியது.

மேலே வந்தபோது என் கை எதையோ பிடித்திருந்தது. படகு. கவிழ்ந்து கிடந்தாலும் மிதந்துகொண்டிருந்தது. அவர் சொன்னபடியே அதைக் கட்டிக்கொண்டேன். இன்னொரு கையில் துடுப்பு எப்படியோ தங்கியிருந்தது. அம்மா என்று கத்தினேன், முருகா என்று கத்தினேன். உயிர் திரும்பி வந்ததும் கோபமும் வந்துவிட்டது. பார்த்தால், ஐந்தாறு அடி தள்ளி அவர் தலை தெரிந்தது. உள்ளே போனது. மறுபடி தெரிந்தது. கைகளைத் தண்ணீரில் அடித்துக்கொண்டிருந்தார். விளையாடுகிறார் பாவி, என் நிலைமையைப் பார்த்துக் கூத்துக் காட்டுகிறார் என்றே நினைத்தேன். அந்த இடத்தில் அவர் மண்டையைப் பிளக்கவேண்டும் என்று இருந்தது எனக்கு. துடுப்பை அவர் மேல் ஓங்கினேன்.

அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

பிடித்த பிடியில்தான் எனக்குத் தெரிந்தது, இது விளையாட்டு இல்லை என்று. மறுமுனையில் ஒரு மனிதனின் கனம் முழுதும் தொங்கியது. தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது. படகிலிருந்து என் கை வழுக்கியது. துடுப்பை விட்டுவிட்டால் எனக்குச் சுலபம். இழுத்தேன். எப்படியோ இழுத்தேன். படகைத் தொட்டதும் அவர் அதைக் கட்டிக்கொண்டு இருமினார். காலால் உதைத்து உதைத்துக் கரை சேர வெகுநேரம் ஆயிற்று. கரையேறியதும் என் கோபம் திரும்பி வந்தது. துடுப்பை வீசி எறிந்தேன். "உங்க தங்கச்சியும் வேணாம், உங்க படகும் வேணாம்" என்று கத்திவிட்டுச் சொட்டச் சொட்ட ஸ்டேஷனுக்கு நடந்தேன். ரயிலில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புதுச் சட்டை சுருங்கிப்போயிருந்தது.

கத்திவிட்டேனே ஒழிய, அந்த வாரம் முழுவதும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சோறு இறங்கவில்லை. பட்டறையில் சுத்தியல் விரலில் விழுந்தது. அவளை இழந்துவிட்டேன், என் வாயாலேயே இழந்துவிட்டேன் என்று நினைத்து நினைத்துப் புழுங்கினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் எங்கள் அறைக்கு வந்தார். கையில் அதே தட்டு. வெற்றிலை பாக்கு, வாழைப்பழம்.

"என் தங்கச்சிக்கு நீதான்" என்றார்.

"கவுத்து விட்டீங்களே" என்றேன்.

"ஆமா. உனக்கு நான் செஞ்சது துரோகம்தான். அந்த நேரத்துல ஒருத்தன் என்ன செய்வான்னு எனக்குத் தெரியணும். எனக்கு நீச்சல் தெரியாது, தம்பி. நீ துடுப்பை நீட்டுனே."

கோவிந்தன் வாயைப் பிளந்தான். நான் பாயில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை நாளும் அந்தக் கயிறு எதற்கு என்று அப்போது புரிந்தது. படகுக்காக அல்ல. தண்ணீரில் கால் வைக்கவே பயந்த ஒரு மனிதர், தங்கைக்காகக் கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அக்கணமே உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். நீட்டவில்லை அண்ணே, அடிக்க ஓங்கினேன் என்று. தட்டில் பழம் இருந்தது. அஞ்சலை முகம் கண்ணில் நின்றது. வாயை மூடிக்கொண்டேன்.

கோவிலில் மாலை மாற்றிக்கொண்டோம். அதற்குப் பிறகு நான் அவருக்கு மாப்பிள்ளை, அவர் எனக்கு மச்சான். ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே தொடர்ந்தன. குழந்தைகள் பிறந்தன. நல்லவன் என்று யாராவது என்னைப் பற்றிப் பேச்செடுத்தால், "மாப்பிள்ளையை நான் பாத்து எடுத்தேன்லா" என்று சொல்லிப் பெருமைப்படுவார். அப்போதெல்லாம் எனக்கு உள்ளே குத்தும். அஞ்சலையிடம்கூடச் சொல்லவில்லை. எத்தனை முறை கோபத்தில் கை ஓங்கப் பார்த்து, அவர் நினைப்பு வந்து கீழே போட்டிருக்கிறேன்! அவர் எடுத்த மாதிரி இருந்துவிட வேண்டுமே என்ற பயம்தான்.

ரப்பர் விலை விழுந்த காலத்தில் ரயில்வேயிலும் ஆட்களைக் குறைத்தார்கள். அவர் பெயர் வந்தது. என் பெயர் வரவில்லை. எங்களோடு இருங்கள் என்று அஞ்சலை அழுதாள். "உக்காந்து சாப்பிட என்னால முடியாது புள்ள" என்று ஊருக்குக் கிளம்பிவிட்டார். போவதற்கு முன் படகை ஒருமுறை குட்டையோரம் நிரப்பிப் பார்த்தார். மரம் ஊறியிருக்கும், பழைய கணக்கை நம்பக்கூடாது என்றார். மிதந்தது. என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

கிள்ளான் துறைமுகத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். கப்பல் தள்ளி நின்றது. ஆட்களைச் சிறு படகில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அஞ்சலையின் அழுகையை நிறுத்தவேண்டும் என்று, கப்பலைக் காட்டி, "இதை மூழ்கடிச்சுப் பாக்கலியா மச்சான்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு என் தோளைப் பிடித்துக் கூட்டத்திலிருந்து நாலடி தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"மாப்ளே, இத்தனை வருஷமா ஒண்ணு கேக்கணும்னு. அன்னிக்கு நீங்க துடுப்பை நீட்டலியே? அடிக்கத்தானே ஓங்குனீங்க?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "ஆமா மச்சான்" என்றேன்.

"தெரியும். கையைப் பாத்தாலே தெரிஞ்சிச்சு" என்றார். "ஆனா நான் புடிச்சதுக்கு அப்புறம் நீங்க விடலியே."

படகுக்காரன் கூப்பிட்டான். அவர் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், எப்போதும்போல் நடுப்பலகையில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தார்.